அமெரிக்காவில் ஞாயிறு காலை: யூனிடேரியன் யூனிவர்சலிஸ்ட் சபையில் சேர ஒரு வழிகாட்டி

புது ஊர், புது வேலை, தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத அடுக்ககம். திங்கள் முதல் வெள்ளி வரை வேலை இழுத்துக்கொண்டு போய்விடும். சனி, ஞாயிறுதான் பாரம். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று ஊரிலிருந்து போன் வருகிறது, ஆபீசில் ஆட்குறைப்பு என்கிறார்கள், குழந்தை பள்ளிக்கூடத்தில் யாரோடும் சேரவில்லை. இதையெல்லாம் சொல்லி உட்கார ஓர் இடம் வேண்டும். கோயில் இருக்கிறது, ஆனால் தரிசனம் முடிந்தால் பெரும்பாலும் நேரே கார் நிறுத்துமிடம்தான். தமிழ்ச் சங்கம் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கூடுகிறது. வாரந்தோறும் அதே முகங்களைப் பார்த்து நல்லது கெட்டதைச் சொல்லிக்கொள்ள வேண்டும், ஆனால் மதம் மாறவோ ஒரு விசுவாச அறிக்கையில் கையெழுத்துப் போடவோ மனமில்லை என்கிறவர்களுக்காக இது எழுதப்படுகிறது.

இங்கே பேசுவது யூனிடேரியன் யூனிவர்சலிஸ்ட் சபைகளைப் பற்றி. சுருக்கமாக யூயூ என்பார்கள். அமெரிக்கா முழுக்க ஏறக்குறைய 1,000 சபைகள் உண்டு. பலர் ஒரு ஞாயிறு போகிறார்கள், "நல்லாத்தான் இருந்தது" என்று திரும்பி வருகிறார்கள், அதோடு சரி. வழிபாட்டு மண்டபத்தில் யாரும் யாரோடும் நெருக்கமாவதில்லை. அதற்குப் பிறகு வரும் காபியிலும், சிறு குழுவிலும், சேர்ந்து பாத்திரம் கழுவுவதிலும்தான் மனிதர்கள் கிடைக்கிறார்கள். அங்கே போய்ச் சேர மூன்று மாதம் பிடிக்கும். அந்த மூன்று மாதத்துக்கான படிகள் கீழே.

1. பெயரைச் சரியாகப் பிடியுங்கள்

முதல் குழப்பமே பெயரில்தான். யூனிட்டி சர்ச் என்பது வேறு இயக்கம். யூனிஃபிகேஷன் சர்ச் கொரியாவில் தோன்றிய இன்னொன்று. யுனைடெட் சர்ச் ஆஃப் கிரைஸ்ட் தாராளப் பார்வை கொண்ட கிறிஸ்தவ சபை. நீங்கள் தேட வேண்டியது பெயர்ப் பலகையில் "யூனிடேரியன்" அல்லது "யூனிவர்சலிஸ்ட்" என்ற சொல்லையும், பக்கத்தில் சுடர் எரியும் கிண்ணச் சின்னத்தையும். கட்டடத்தின் பெயரில் சர்ச், ஃபெலோஷிப், சொசைட்டி, காங்கிரிகேஷன் எது இருந்தாலும் ஒரே குடும்பம்தான்.

நம்பிக்கை அறிக்கை கிடையாது. ஒரே வரிசையில் நாத்திகரும் பௌத்தரும் யூதரும் இயேசுவை வணங்குகிறவரும் உட்கார்ந்திருப்பார்கள். ஞானஸ்நானம் இல்லை. நெற்றியில் விபூதியோடு போகலாம், வீட்டுப் பூஜையறை அப்படியே இருக்கலாம். 2024 ஜூனில் நடந்த பொதுப் பேரவையில் அன்பை நடுவில் வைத்து ஆறு விழுமியங்களை ஏற்றுக்கொண்டார்கள்: ஒருவரையொருவர் சார்ந்திருத்தல், பன்மை, நீதி, மாற்றம், ஈகை, சமத்துவம். சில சபைகளின் இணையதளத்திலும் சுவரிலும் பழைய ஏழு கோட்பாடுகள் இன்னும் இருக்கும். இரண்டும் வேறு வேறு அமைப்பு என்று நினைத்துவிட வேண்டாம்.

ஊரில் பெரியவர்கள் "மதம் மாறிட்டியா?" என்று கேட்டால், சென்னையிலேயே 1795-இல் வில்லியம் ராபர்ட்ஸ் என்ற தமிழர் தொடங்கிய யூனிடேரியன் சபை உண்டு என்று சொல்லலாம். ஆனால் அது கிறிஸ்தவ சபை, இங்கே உள்ளவற்றில் பெரும்பாலானவை அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். அரைகுறையாகச் சொன்னால் போன் நீளும்.

இரண்டு விஷயங்களை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. ஒன்று, பல சபைகளில் வருகிறவர்களில் பெரும்பாலானோர் வெள்ளையர், வயதானவர்கள். அறையில் நீங்கள் ஒருவர்தான் இந்திய முகமாக இருக்கலாம். வெள்ளையர் அல்லாத யூயூக்களுக்காக ட்ரூம் என்ற அமைப்பு இருக்கிறது, இணையத்தில் கூடுகிறார்கள். இரண்டு, இந்தச் சபைகள் தன்பாலின உரிமை, இன நீதி, அகதிகள் பாதுகாப்பு ஆகியவற்றில் வெளிப்படையாக நிலை எடுப்பவை. வாசலிலேயே வானவில் கொடி இருக்கும். அது உங்களுக்கு ஒத்துவராது என்றால் ஐந்தாவது வாரத்தில் தெரிந்துகொள்வதைவிட இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

2. எந்தச் சபை, எந்த மாதம்

இந்தச் சபைகளின் சங்கமான யூயூஏ-வின் தலைமையகம் பாஸ்டனில் இருக்கிறது. அவர்களின் இணையதளத்தில் உங்கள் ஜிப் கோடைப் போட்டால் சுற்றுவட்டாரச் சபைகள் வரும். ஒவ்வொன்றும் தன்னைத் தானே ஆள்வது. போதகரை வேலைக்கு எடுப்பதும் உறுப்பினர்களின் ஓட்டுதான். அதனால் ஒன்றைப் பார்த்து எல்லாம் இப்படித்தான் என்று முடிவு கட்டக் கூடாது. பாஸ்டனின் கிங்ஸ் சேப்பலில் கிறிஸ்தவ முறையில் ஜெபம் நடக்கும். மினியாபொலிஸின் ஃபர்ஸ்ட் யூனிடேரியன் சொசைட்டி மனிதநேயர்களின் சபை, அங்கே கடவுள் பேச்சே அபூர்வம். ஃபெலோஷிப் என்று பெயர் வைத்திருப்பவை பலவும் சிறியவை. அங்கே போதகர் முழுநேரமாக இருக்கமாட்டார், உறுப்பினர்களே மேடையேறுவார்கள்.

போவதற்கு முன் யூடியூபில் அந்தச் சபையின் கடைசி நான்கு வழிபாடுகளைப் பாருங்கள். ஒன்று போதாது, சிறப்பு விருந்தினர் பேசிய வாரமாக இருந்துவிடலாம். பார்க்க வேண்டியவை: குழந்தைகள் எத்தனை பேர் எழுந்து போகிறார்கள், போதகர் எப்படிப் பேசுகிறார், அறிவிப்புகளில் சிறு குழு பற்றிச் சொல்கிறார்களா.

அளவும் முக்கியம். 50 பேருக்குள் இருக்கும் சபையில் முதல் வாரமே எல்லோரும் உங்களைக் கவனிப்பார்கள், ஆனால் குழந்தைகள் வகுப்பு இல்லாமல் போகலாம். 500 பேர் இருக்கும் சபையில் பாட்டு, வகுப்பு எல்லாம் அருமையாக இருக்கும், சிறு குழுவில் சேராவிட்டால் ஆறு மாதம் போனாலும் உங்கள் பெயர் யாருக்கும் தெரியாது. 100 முதல் 200 பேர் வரை கூடும் சபை கிடைத்தால் புதியவர்களுக்கு அதுவே வசதி. காரில் 30 நிமிடத்துக்கு மேல் போக வேண்டிய இடத்தை எடுக்காதீர்கள். பனி கொட்டும் ஜனவரியில் கட்டாயம் நின்றுபோகும்.

பெரிய பொறி கோடைக்காலம். சபைகளின் ஆண்டு செப்டம்பரில் தொடங்கி மே, ஜூனில் முடியும். ஜூலை, ஆகஸ்டில் போதகர் விடுப்பில் இருப்பார், குழந்தைகள் வகுப்பு ஏறக்குறைய நின்றிருக்கும், பாதி இருக்கை காலி. ஜூலையில் முதன்முதலாகப் போய், "செத்துப்போன சபை" என்று விட்டுவிட்டவர்கள் நிறையப் பேர். கோடையில்தான் வந்து இறங்கினீர்கள் என்றால் போய்ப் பாருங்கள், ஆனால் தீர்ப்பைச் செப்டம்பருக்குத் தள்ளிவையுங்கள்.

அருகில் எதுவுமே இல்லையா? சர்ச் ஆஃப் த லார்ஜர் ஃபெலோஷிப் என்ற சபைக்குக் கட்டடமே கிடையாது. 1944-இல் தபால் வழியே தொடங்கியது, இப்போது இணையத்தில் நடக்கிறது. சிறு குழுக்களும் உண்டு.

3. முதல் ஞாயிறு

வழிபாடு பெரும்பாலும் காலை 10 அல்லது 10:30-க்கு. ஒரு மணி நேரம், சற்றே கூடும். 15 நிமிடம் முன்னதாகப் போங்கள். ஜீன்ஸ், குர்தா, சேலை எதுவும் போகலாம். செருப்பைக் கழற்ற வேண்டாம்.

வாசலில் ஒரு மேசை, வரவேற்க ஒருவர். பெயர் அட்டை எழுதித் தருவார்கள். கூப்பிடும் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். "கார்த்திகேயன் சுப்பிரமணியன்" என்று முழுசாக எழுதினால், தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயத்திலேயே கூப்பிடமாட்டார்கள். பெயருக்குக் கீழே சிலர் தங்களைக் குறிக்கும் பிரதிப்பெயரை (ஷீ/ஹெர், ஹீ/ஹிம் போல) எழுதியிருப்பார்கள், நீங்களும் எழுதலாம், கட்டாயமில்லை. வருகையாளர் படிவத்தில் பெயரும் மின்னஞ்சலும் போதும், வீட்டு முகவரி தர வேண்டியதில்லை. மின்னஞ்சல் கொடுங்கள். அதில்தான் வாரச் செய்தி வரும், சிறு குழு அறிவிப்பும் அதில்தான்.

நடக்கும் முறை ஏறக்குறைய இது. கிண்ணத்தில் சுடர் ஏற்றுவார்கள். ஒரு பாட்டு. இருக்கைக்கு முன்னால் சாம்பல் நிற அட்டை போட்ட பாட்டுப் புத்தகம் இருக்கும், எண்ணைச் சொல்வார்கள். முடிந்தவர்கள் எழுந்து நிற்கலாம், உட்கார்ந்தே பாடினாலும் தவறில்லை. குழந்தைகளுக்கு ஒரு கதை, பிறகு அவர்கள் வகுப்புக்குப் போவார்கள், பெரியவர்கள் பாடி அனுப்புவார்கள். மௌனம். காணிக்கைத் தட்டு. 15 முதல் 20 நிமிட உரை. மறுபடி பாட்டு, சுடரை அணைத்தல்.

நடுவில் "மகிழ்ச்சியும் துயரமும்" என்று ஒரு பகுதி வரும். புதியவர்கள் தடுமாறுவதும், மனம் உடைந்து போவதும் இங்கேதான். முன்னால் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர், பக்கத்துக் கூடையில் கூழாங்கற்கள். விரும்புகிறவர் எழுந்து போய், ஒரு கல்லை எடுத்து, மைக்கில் ஒரே ஒரு வாக்கியம் சொல்லி, கல்லைத் தண்ணீரில் போடுவார். "என் அப்பா மதுரையில் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், நான் இங்கே இருக்கிறேன்." அவ்வளவுதான். கல் அடியில் தட்டும் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்கும். யாரும் பதில் சொல்லமாட்டார்கள், அறிவுரை தரமாட்டார்கள். சில சபைகளில் கல்லுக்குப் பதில் மெழுகுவத்தி. சில இடங்களில் முன்னமே அட்டையில் எழுதிக் கொடுத்தால் போதகர் வாசிப்பார்.

மூன்று எச்சரிக்கை. 30 விநாடிக்கு மேல் பேசாதீர்கள், பின்னால் வரிசை நிற்கும். இது பல சபைகளில் நேரலையாகப் போகிறது, பதிவும் இணையத்தில் கிடக்கும். ஆகவே கம்பெனிப் பெயர், விசா நிலை, இன்னொருவரின் நோய் எதையும் சொல்லாதீர்கள். சொல்ல வராவிட்டால் பேசாமலே கல்லைப் போட்டுவிட்டுத் திரும்பலாம், பலரும் அப்படிச் செய்கிறார்கள்.

4. காபி நேரம்: ஓடிவிடாதீர்கள்

சுடர் அணைந்ததும் காரை நோக்கி நடக்கத் தோன்றும். இருங்கள். காபி நேரத்துக்கு 20 நிமிடம் கட்டாயம் ஒதுக்குங்கள். வருகையாளருக்குத் தனி நிறக் கோப்பை தரும் சபைகள் உண்டு. அதைக் கையில் வைத்திருந்தால் மற்றவர்களே வந்து பேசுவார்கள். உள்ளவர்கள் பழைய நண்பர்களோடு வட்டமாக நின்றுகொண்டிருப்பார்கள். அது உங்களை ஒதுக்குவது அல்ல, அவர்களும் வாரம் ஒருமுறைதான் பார்த்துக்கொள்கிறார்கள். காபி ஊற்றிக் கொடுப்பவரிடம் போய் "கோப்பைகளை எடுத்து வைக்கட்டுமா?" என்று கேளுங்கள். கையில் வேலை இருந்தால் பேச்சு தானாக வரும். சமையலறைச் சிங்க் பக்கம் நின்றவர்கள் மூன்றே வாரத்தில் பத்துப் பெயர் தெரிந்துகொள்கிறார்கள்.

அதே சமயம், முதல் இரண்டு மாதத்தில் எந்தக் கமிட்டியிலும் சேராதீர்கள். கணினி தெரிந்த இளைஞர் என்றால் ஒலி, ஒளிபரப்புப் பொறுப்பை உடனே தூக்கிக் கொடுக்கும் அபாயம் உண்டு. கேமராவுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டால் வழிபாடும் போச்சு, காபியும் போச்சு. "இரண்டு மாதம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள்.

பாட்லக் என்றால் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து பகிரும் விருந்து. எலுமிச்சை சாதம், புளியோதரை, சுண்டல் எல்லாம் நன்றாகப் போகும். எட்டுப் பேர் ருசி பார்க்கும் அளவு போதும். ஒரு சீட்டில் என்னென்ன சேர்த்திருக்கிறது என்று எழுதிப் பாத்திரத்துக்கு முன்னால் வைக்க வேண்டும். நம்மவர்கள் தவறுவது இரண்டு இடத்தில். தாளிப்பில் போட்ட வேர்க்கடலை, முந்திரி. அப்புறம் பெருங்காயம். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். "அரிசிச் சாதம்தானே" என்று குளூட்டன் இல்லை என எழுதிவிட்டால், சீலியாக் நோய் உள்ளவருக்கு உடம்பு கெட்டுவிடும். டப்பாவின் பின்பக்கம் படித்துவிட்டு எழுதுங்கள்.

5. சிறு குழுவில் இடம் பிடியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள். சாலிஸ் சர்க்கிள், கவனன்ட் குரூப், ஸ்மால் குரூப் மினிஸ்ட்ரி என்று சபைக்குச் சபை பெயர் மாறும். எட்டு முதல் பத்துப் பேர், மாதம் ஒரு முறை அல்லது இரு முறை, ஒன்றரை அல்லது இரண்டு மணி நேரம். பதிவு பெரும்பாலும் செப்டம்பரிலும், சில இடங்களில் ஜனவரியிலும் மறுபடியும் நடக்கும். இடையில் கேட்டால் "அடுத்த சுற்று" என்பார்கள், ஆகவே தேதியைக் குறித்துவையுங்கள். உறுப்பினராக இருக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. கட்டணம் கிடையாது.

கூட்டம் நடக்கும் விதம் நமக்குப் புதிது. மெழுகுவத்தி ஏற்றுவார்கள். ஒவ்வொருவரும் இரண்டு நிமிடம், இந்த மாதம் எப்படி இருந்தது என்று சொல்வார்கள். பிறகு ஒரு தலைப்பு: இழப்பு, வீடு, மன்னிப்பு, பயம். முன்னமே கேள்விகள் மின்னஞ்சலில் வந்திருக்கும். ஒருவர் மூன்று அல்லது ஐந்து நிமிடம் பேசுவார், மற்றவர்கள் கேட்பார்கள். நடுவில் குறுக்கிடுவது, "எனக்கும் இப்படித்தான்" என்று தொடங்குவது, தீர்வு சொல்வது மூன்றுக்கும் தடை. நம் பழக்கத்தில் ஒருவர் கஷ்டத்தைச் சொன்னால் உடனே "கவலைப்படாதே, எல்லாம் சரியாகிடும்" என்போம், டாக்டர் பெயர் சொல்வோம், தெரிந்தவர் நம்பர் கொடுப்போம். அன்பில்தான் செய்கிறோம். இங்கே அதைச் சொல்லாமல் அடக்கிக்கொள்ள வேண்டும். இரண்டு மூன்று கூட்டம் கஷ்டமாக இருக்கும். நாலாவதில், நம்மை யாரும் திருத்த முயலாமல் ஐந்து நிமிடம் கேட்டார்கள் என்பதன் அருமை தெரியும். எத்தனையோ பேரைக் கெட்ட காலத்தில் தாங்கிப் பிடித்தது அந்த ஐந்து நிமிடம்தான்.

ஆங்கிலத்தில் மனசைப் பேச வராது என்ற தயக்கம் பலருக்கு உண்டு. முதல் நாள் இரவு கேள்விக்கான பதிலைத் தமிழில் ஐந்தாறு வரி எழுதிக்கொள்ளுங்கள். அதைப் பார்த்து எளிய ஆங்கிலத்தில் சொல்லுங்கள். ஒரு சொல் கிடைக்காவிட்டால் தமிழ்ச் சொல்லையே சொல்லி, அர்த்தத்தை இரண்டு வரியில் விளக்குங்கள். "ஏக்கம்" என்ற சொல்லை அப்படி விளக்கினால் குழு முழுக்க அமைதியாகக் கேட்கும்.

குழு ஏன் உடைகிறது? முக்கியக் காரணம், வராமல் இருப்பது. பத்துப் பேரில் மூன்று பேர் தொடர்ந்து வராவிட்டால் மற்றவர்கள் மனம் திறக்கமாட்டார்கள். வர முடியாவிட்டால் ஒரு வரி செய்தி அனுப்புவது கட்டாயம். இன்னொன்று, கேட்டதை வெளியே சொல்வது. அந்த ஊரின் தமிழ் வாட்ஸ்அப் குழு சிறியது என்பதை மறக்காதீர்கள். கணவனும் மனைவியும் சேருவதென்றால் தனித்தனிக் குழுவில் சேர்வது நல்லது, ஒரே குழுவில் இருந்தால் இருவரில் ஒருவர் பேசமாட்டார்.

6. குழந்தைகள்

பதிவுப் படிவத்தில் கேட்பவை: பெயர், பிறந்த தேதி, ஒவ்வாமை, அவசரத் தொடர்பு எண், படம் எடுக்க அனுமதி. படம் எடுக்க அனுமதிக்கு எதிரே யோசித்து டிக் போடுங்கள். பிறப்புச் சான்றிதழ் தேவையில்லை. வகுப்புகளில் எல்லா மதக் கதைகளும் வரும். தீபாவளி வாரத்தில் உங்களைப் பேசக் கூப்பிடுவார்கள். பத்து நிமிடம், ஒரு விளக்கு, கொஞ்சம் கோலமாவு போதும்.

ஓடபிள்யூஎல் என்று ஒரு வகுப்பு உண்டு. வயதுக்கேற்ற பாலியல் கல்வி, வெளிப்படையாக இருக்கும். பெற்றோருக்கான அறிமுகக் கூட்டத்துக்குப் போகாமலும், கையெழுத்துப் போடாமலும் குழந்தையைச் சேர்க்கமாட்டார்கள். அந்தக் கூட்டத்தில் பாடப் பொருளைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். எட்டு, ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு "வயதுக்கு வருதல்" என்று பொருள்படும் பெயரில் ஓராண்டுப் பயிற்சி உண்டு. அதற்கும் நம் மஞ்சள் நீராட்டுக்கும் சம்பந்தமில்லை. ஆண் பெண் இருபாலரும் தாங்கள் எதை நம்புகிறோம் என்று எழுதிச் சபை முன் வாசிப்பார்கள்.

குழந்தைகள் வகுப்பில் உதவப் போனால் பின்புலச் சோதனைக்கு ஒப்புதல் படிவம் தருவார்கள், சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்கலாம். அந்த எண் இல்லாதவர்கள் முன்பே சொல்லிவிடுங்கள், வேறு பணி தருவார்கள். பல சபைகளில் ஆறு மாதமாவது வந்துகொண்டிருந்தால்தான் குழந்தைகளோடு வேலை.

விசாவில் இருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். கைக்குழந்தைகள் அறையைப் பார்த்துக்கொள்வது பல சபைகளில் மணிக்கணக்கில் சம்பளம் உள்ள வேலை. வேலை அனுமதி இல்லாத எச்-4 விசாவில் இருப்பவருக்கு அன்போடு அந்தக் காசை நீட்டுவார்கள். வாங்கக் கூடாது. "பரவாயில்லை, பணம் வேண்டாம், சும்மா செய்கிறேன்" என்பதும் பாதுகாப்பில்லை, ஏனென்றால் அது சம்பளப் பதவி. எல்லோரும் இலவசமாகச் செய்யும் வேலையை மட்டும் எடுங்கள். அதேபோல், சபையோடு ஊர்வலம் போகலாம், ஆனால் தெரிந்தே கைதாகும் மறியல் போராட்டத்துக்குக் கூப்பிட்டால் மறுத்துவிடுங்கள். கைதும் வழக்கும் விசாவையும் கிரீன் கார்டையும் பாதிக்கக்கூடும். உணவு வங்கியில் மூட்டை தூக்கவும் ஆள் தேவைதான்.

7. கெட்ட காலத்தில் யாரைக் கூப்பிடுவது

சாவு, நோய், பிரசவம், வேலை இழப்பு எதுவானாலும் சொன்னால்தான் தெரியும். சபை அலுவலகத்துக்கோ போதகருக்கோ மூன்று வரி மின்னஞ்சல் போதும்: என்ன நடந்தது, என்ன உதவி, யாரிடம் சொல்லலாம். மூன்றாவது வரியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் ஞாயிறு மேடையில் அறிவிப்பாக வந்துவிடக்கூடும்.

பராமரிப்புக் குழு செய்வது: இரண்டு வாரம் முறை வைத்து வீட்டுக்குச் சாப்பாடு, ஆஸ்பத்திரிக்குக் காரில் அழைத்துப்போதல், கூட உட்கார்ந்திருத்தல். சைவமா, முட்டை சேர்ப்பீர்களா என்று தெளிவாக எழுதுங்கள். "வெஜிடேரியன்" என்று மட்டும் சொன்னால் கோழி சூப்பில் வேகவைத்த காய்கறி வர வாய்ப்புண்டு. "இறைச்சி, மீன், முட்டை, இறைச்சிச் சாறு வேண்டாம். பால், தயிர் சரி" என்று எழுதுவதே பாதுகாப்பு.

ஊரில் அப்பா அம்மா தவறிப்போய், போக முடியாமல் இங்கேயே இருந்துவிட நேர்ந்தவர்களுக்கு: போதகரிடம் கேட்டால் சிறு நினைவுக் கூட்டம் நடத்தித் தருவார். படம், விளக்கு, உங்கள் பாட்டு, உங்கள் மொழி எல்லாம் உங்கள் விருப்பம். பத்தாம் நாளோ பதினாறாம் நாளோ என்று தேதி சொல்லிக் கேளுங்கள், அவர்களுக்குத் தெரியாது.

போதகரைத் தனியாகப் பார்க்கக் கட்டணமில்லை. ஆனால் அவர் மனநல மருத்துவர் அல்ல. இரண்டு மூன்று முறை பேசிவிட்டு உரியவரிடம் அனுப்புவார், கைவிடுகிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வாடகைக்கோ மின்கட்டணத்துக்கோ முடைப்பட்டால், போதகர் கையில் சிறு அவசர நிதி வழக்கமாக இருக்கும். ரகசியமாகக் கேட்கலாம். பெரும்பாலும் ரொக்கமாகத் தராமல், வீட்டுக்காரருக்கோ மின்சாரக் கம்பெனிக்கோ நேரே கட்டுவார்கள், ஆகவே பில்லைக் கையோடு கொண்டுபோங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் ஞாயிறு வரை காத்திருக்காதீர்கள். 988-க்குப் போன் செய்யுங்கள், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.

8. காசு

காணிக்கைத் தட்டு வரும்போது வருகையாளர் ஒன்றும் போடாமல் அடுத்தவரிடம் கொடுக்கலாம். போட விரும்பினால் ஐந்து, பத்து டாலர் தாராளம். பல சபைகள் அந்தத் தட்டில் ஒரு பங்கை உள்ளூர்த் தொண்டு அமைப்புக்குக் கொடுத்துவிடுகின்றன.

ப்ளெட்ஜ் என்பது அடுத்த ஆண்டுக்கு இவ்வளவு தருவேன் என்ற வாக்கு. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அதற்கான இயக்கம் நடக்கும், பெரும்பாலான சபைகளில் நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்கும். வருமானத்தில் இத்தனை சதவீதம் என்று ஓர் அட்டவணையை நீட்டுவார்கள். அதைப் பார்த்து மிரள வேண்டாம், அது ஆலோசனைதான். புதுக் குடும்பம் மாதம் 25 அல்லது 50 டாலரில் தொடங்குவது கௌரவமான தொகை. வேலை போய்விட்டால் பொருளாளருக்கு எழுதிக் குறைத்துக்கொள்ளலாம்.

காசாகப் போடாமல் செக்கிலோ ஆன்லைனிலோ கொடுத்தால் ஜனவரியில் மொத்தக் கணக்குச் சீட்டு வரும். ஒரே தடவையில் 250 டாலரோ அதற்கு மேலோ கொடுத்தால் வரிக்கழிவுக்கு எழுத்துமூல ரசீது கட்டாயம். 2026 வரி ஆண்டிலிருந்து ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் (செலவுகளைத் தனித்தனியாகக் காட்டாமல் எடுக்கும் நிலையான வரிக்கழிவு) எடுப்பவர்களும் பணமாகக் கொடுத்ததில் 1,000 டாலர் வரை, தம்பதியாகத் தாக்கல் செய்தால் 2,000 டாலர் வரை கழிக்கலாம். நீங்கள் கொடுக்கும் நன்கொடைக்கு ஈடாகக் கம்பெனி கொடுக்கும் இணைத்தொகையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள், பல கம்பெனிகள் வழிபாட்டு அமைப்புகளுக்கு அதைத் தருவதில்லை.

9. புத்தகத்தில் கையெழுத்து

வருடக்கணக்கில் நண்பராகவே இருந்துவிடலாம், யாரும் நெருக்கமாட்டார்கள். உறுப்பினராக வேண்டுமென்றால் ஒன்று முதல் மூன்று அறிமுக வகுப்பு, போதகரோடு ஒரு பேச்சு, பிறகு உறுப்பினர் புத்தகத்தில் கையெழுத்து. பாஸ்போர்ட், விசா, மதச் சான்று எதுவும் கேட்பதில்லை. ஆண்டுக்கு ஒரு முறையாவது உங்கள் பெயரில் நன்கொடை பதிவாகியிருக்க வேண்டும் என்ற விதி பல இடங்களில் உண்டு. ஒரு டாலரும் கணக்கில் சேரும், முடியாதவர்களுக்குப் போதகர் விலக்குத் தருவார். கையெழுத்துப் போட்ட உடனே ஓட்டு இல்லாமல் இருக்கலாம். 30 நாள் காத்திருப்பு வைத்திருக்கும் சபைகள் உண்டு, அவர்களின் துணைவிதிகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். மே, ஜூனில் நடக்கும் ஆண்டுக் கூட்டத்தில் பட்ஜெட்டுக்கு ஓட்டுப் போட விரும்பினால் மார்ச்சுக்குள் முடித்துவிடுவது நல்லது.

இரண்டு சடங்குகளுக்கு மட்டும் கையில் ஏதாவது கொண்டுபோக வேண்டும். செப்டம்பரில் நீர்ப் பகிர்வு: ஆளுக்குக் கொஞ்சம் தண்ணீர் கொண்டுவந்து ஒரே பாத்திரத்தில் ஊற்றுவார்கள். காவிரித் தண்ணீர் தேட வேண்டாம், உங்கள் சமையலறைக் குழாய்த் தண்ணீர் போதும். வசந்தத்தில் மலர்ப் பகிர்வு, 1923-இல் பிராக் நகரில் நார்பெர்ட் சாபெக் தொடங்கியது: ஒரு பூ கொண்டுபோய் ஜாடியில் வைத்துவிட்டு, திரும்பும்போது வேறொருவரின் பூவை எடுத்துவருவது. சரமாகக் கட்டிய மல்லிகையைக் கொண்டுபோகாதீர்கள், காம்போடு ஒற்றைப் பூ வேண்டும். வீட்டுக்கு எத்தனை பேரோ அத்தனை பூ.

10. ஊர் மாறும்போது

விசாவோ வேலையோ மாறி வேறு ஊருக்குப் போனால் உறுப்பினர் பதிவு கூடவே வராது. பழைய சபை அலுவலகத்துக்கு விலகல் மின்னஞ்சல் அனுப்புங்கள், மீதி ப்ளெட்ஜ் பற்றி ஒரு வரி, ஆண்டுக் கணக்குச் சீட்டு அனுப்பப் புது முகவரி ஒரு வரி. தானாகப் பணம் பிடிக்கும் ஏற்பாட்டை நீங்களே நிறுத்த வேண்டும், அலுவலகம் செய்யும் என்று விட்டால் இரண்டு மூன்று மாதம் போய்க்கொண்டே இருக்கும். சிறு குழுவிடம் ஒரு கூட்டம் முன்னதாகவே சொல்லுங்கள். அவர்கள் விடைபெற ஒரு மாலை ஒதுக்குவார்கள், அதற்குப் புளியோதரை கொண்டுபோகும்போதும் சீட்டு எழுத மறக்காதீர்கள். புது ஊரில் மறுபடி படி இரண்டிலிருந்து தொடங்க வேண்டும். பழைய போதகரிடம் கேட்டால் அங்குள்ள போதகருக்கு உங்களைப் பற்றி ஓர் அறிமுக மின்னஞ்சல் போடுவார். அது இருந்தால் மூன்று மாதம் என்பது ஒன்றரை மாதமாகும்.